வாய் திறவாத வரலாறு

மலையகத்தின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் கோப்பிக் காலத்துக் காட்டுவழிப் பயணத்தை எழுதினர். துண்டு முறையையும் கங்காணி ஆட்சியையும் எழுதினர். 1948ஆம் ஆண்டில் பறிபோன குடியுரிமையையும், 1964ஆம் ஆண்டில் இரு நாட்டுப் பிரதமர்கள் மக்களைத் தொகை பிரித்துக்கொண்ட ஒப்பந்தத்தையும் எழுதினர். இவையனைத்தும் எழுதப்பட வேண்டியவையே. ஆனால் கொழுந்து பறித்த கையையும் கூடை சுமந்த முதுகையும் பாடிய நம் எழுத்தாளர்கள் அவ்வுழைப்பாளியின் வாய்க்குள் எட்டிப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. அங்கேயும் ஒரு வரலாறு உண்டு. தென்திருவிதாங்கூரில் தொடங்கி, நைரோபியையும் பம்பாயையும் பொஸ்டனையும் தொட்டு, பேராதனையில் நம் கண்முன்னே வந்து நிற்கும் வரலாறு அது.

என் அப்பாயி அட்டனுக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றில் நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்தவர். இடுப்பில் செருகிய சுருக்குப்பை அவருடன் பிறந்த உறுப்புப் போன்றது. வெற்றிலை, சீவிய பாக்கு, காய்ந்த புகையிலைத் துண்டு, சிறிய தகர டப்பாவில் சுண்ணாம்பு ஆகியவை அதிலிருக்கும். "வாய்ல இது கெடந்தா பசியும் தெரியாது, குளிரும் தெரியாது ராசா" என்பார். 2003ஆம் ஆண்டளவில் அவருக்குச் சோறு எரியத் தொடங்கியது. மிளகாய் சேராத குழம்பும் எரிந்தது. பிறகு வாய் திறப்பது குறைந்தது. ரொட்டியைக் கிள்ளித் தேநீரில் ஊறவைத்து, உதட்டின் இடுக்கு வழியே உள்ளே தள்ளுவார். தோட்டத்து மருந்தகத்தில் வாய் கொப்புளிக்க மருந்துநீர் கொடுத்தார்கள். மூன்று முறை கொடுத்தார்கள். கன்னத்தின் உட்புறத்தில் கிளம்பிய புண் வெளித்தோலை எட்டிய பின்னரே பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பப்பட்டார். "ஒரு வருடத்துக்கு முன்னர் வந்திருக்கலாமே" என்றார் அங்கிருந்த வைத்தியர். ஒரு வருடத்துக்கு முன்னரும் அவர் வரத்தான் செய்தார். போத்தலில் மருந்துநீருடன் திருப்பி அனுப்பப்பட்டார்.

அன்று எனக்குப் பன்னிரண்டு வயது. அந்தப் புண்ணுக்குப் பின்னால் ஒரு நூற்றாண்டு மருத்துவ அறிவு நின்றிருந்தது என்பதை நான் அறிந்தது பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறிய பின்னரே.

வெற்றிலை நம் மக்களுடன் தோணியேறி வந்தது. வந்த இடத்திலும் அதற்குக் குறைவில்லை. பாக்கு கண்டி நாட்டுக் கிராமங்களிலே விளைந்தது. புகையிலை யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது. திருமணத்துக்கும் திருவிழாவுக்கும் வெற்றிலை பாக்கு வைத்தழைப்பதும், பெண் பேசித் தாம்பூலம் மாற்றுவதும் ஊரில் இருந்ததுபோலவே லயத்திலும் இருந்தன. ஆனால் ஊரில் உணவுக்குப் பின் போட்டுக்கொண்ட தாம்பூலம் இங்கே உணவுக்குப் பதிலாகப் போட்டுக்கொள்வதாயிற்று. இருள் பிரியுமுன் தப்பு முழங்கும். பிரட்டுக்களத்தில் பெயர் கொடுக்க வேண்டும். மூடுபனியில் மலையேறி, மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்வரை நிரையை விட்டு விலகுதற்கில்லை. பாக்கிலுள்ள அரிக்கோலின் என்னும் பொருள் நரம்புகளைத் தூண்டி, உடலில் வெம்மை பரவிய உணர்வைத் தந்து, பசியை மந்தப்படுத்துகிறது. அப்பாயி சொன்னது கட்டுக்கதையன்று. மருந்தியல் நூலார் அவர் கூற்றை ஒப்புக்கொள்வர்.

ஆகவே தோட்ட மக்களின் வெற்றிலைப் பழக்கத்தை அறியாமை என்ற ஒரே சொல்லால் முடித்துவிடும் நண்பர்களோடு எனக்கு உடன்பாடில்லை. குளிருக்குக் கம்பளியும் பசிக்குச் சோறும் வேளைக்குக் கிடைத்த துரைமார் வெற்றிலை போடவில்லை என்பதில் அறிவின் பெருமை எதுவும் இல்லையே!

இப்பழக்கத்துக்கும் வாய்ப்புற்றுக்கும் உள்ள உறவை மருத்துவர் கண்டுகொண்டது எப்பொழுது? இன்று கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள நெய்யூர் அன்று திருவிதாங்கூர் அரசின் தென்பகுதி. இலண்டன் மிஷன் சங்கத்தார் அங்கே நடத்திய மருத்துவமனையைத் தமிழ் பேசும் உழவரும் பனையேறிகளும் மீனவரும் நாடி வந்தனர். அங்கே பணிபுரிந்த ஆர்தர் ஃபெல்ஸ் என்ற மருத்துவர், வாய்ப்புற்றுக்காகச் செய்யப்பட்ட 209 அறுவைச் சிகிச்சைகளை ஆராய்ந்து 1908ஆம் ஆண்டில் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் கட்டுரை வெளியிட்டார். அதே ஆண்டில், அதே சஞ்சிகையில், பெண்டால் என்பவர் திருவிதாங்கூரின் 1,700 புற்றுநோயாளர் பற்றிய தொகுப்பை வெளியிட்டார். 1915இல் பிலிப்பைன்ஸ் தீவுகளிலிருந்து டேவிஸ் என்பவர் வெற்றிலை மெல்வோரின் கன்னப்புற்றைப் பற்றி எழுதினார். 1933இல் நெய்யூரைச் சேர்ந்த ஓர் என்ற மருத்துவர், திருவிதாங்கூரில் வெற்றிலை மெல்வோரிடையே தோன்றும் வாய்ப்புற்றின் காரணம், தன்மை, சிகிச்சை ஆகியவற்றை விரிவாக ஆராய்ந்து லான்செற் இதழில் வெளியிட்டார். 1922இலும் 1924இலும் எவரெஸ்ட் சிகரத்தில் ஏற முயன்ற குழுக்களில் இடம்பெற்ற சோமர்வெல், மலையை விட்டு இறங்கி வந்து நெடுங்காலம் அறுவைக் கத்தி பிடித்ததும் இந்த நெய்யூரிலேதான். உலகின் உயர்ந்த மலையைக் கண்ட கண் ஏழையின் வாய்க்குள்ளும் பார்த்தது என்பதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

இங்கே இடையிட்டு ஒன்று சொல்ல வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணப் புகையிலைக்குத் தலையாய சந்தையாக விளங்கியது திருவிதாங்கூரே. யாழ்ப்பாணத்துக் கல்வீடுகள் சிலவற்றின் அடித்தளத்தில் அந்த வணிகத்தின் பணம் உண்டு. வரலாறு ஒருவர் பக்கமே குற்றத்தை வைப்பதில்லை.

1908ஆம் ஆண்டிலேயே அச்சேறிய உண்மை 2003ஆம் ஆண்டில் ஒரு தோட்டத்து மருந்தகத்தை எட்டவில்லையென்றால், அத்தூரம் வெறும் மலைப்பாதையின் தூரமாக இருத்தல் இயலாது. தோட்ட மருத்துவத்தின் பிறப்பைப் பார்த்தால் இது விளங்கும். 1872ஆம் ஆண்டில் இலங்கைச் சட்டசபை தோட்டப் பகுதிகளின் மருத்துவத் தேவைகளுக்கென்று ஒரு கட்டளைச் சட்டத்தை நிறைவேற்றியது. தோட்டங்கள்மீது வரி விதித்து வைத்தியசாலைகளும் மருந்தகங்களும் அமைக்க அது வழிசெய்தது. வாந்திபேதியும் வயிற்றுளைச்சலும் மக்களை வாரிக்கொண்டு போன காலம் அது. ஆள் குறைந்தால் அறுவடை குறையும். பின்னர் 1916ஆம் ஆண்டில் அமெரிக்க றொக்பெல்லர் நிறுவனத்தார் கொழுக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தை இலங்கைத் தோட்டங்களிலே தொடங்கினர். கொழுக்கிப்புழு குருதியை உறிஞ்சி இளம் உழைப்பாளியைச் சோர்வுறச் செய்வது. அதை ஒழித்தால் வேலை கூடும் என்பதைத் தோட்டத்துரைமாருக்கு எளிதில் விளக்க முடிந்தது. இம்முயற்சிகளால் உயிர்கள் காக்கப்பட்டன என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் வாய்ப்புற்று என்ன செய்கிறது? இருபது முப்பது ஆண்டுகள் மென்ற பிறகு, உடல் தளர்ந்து பெயர்ப்பட்டியலிலிருந்து விலகும் வயதில் பெரும்பாலும் வருகிறது. உழைத்து முடித்தவரைக் கொல்லும் நோய் உற்பத்திக் கணக்கில் எங்கே சேரும்? சேராத நோய்க்கு மருந்தகத்தில் தனி ஏடும் இல்லை. அதைத் தேடிப் பார்க்கும் கண்ணும் பயிற்றப்படவில்லை. நான் கொண்ட முடிவு இது. மறுப்போர் ஆதாரம் காட்டினால் மகிழ்வேன்.

அப்பாயியின் வாய் ஏன் மூடிக்கொண்டது? புண் வருவதற்கு முன்னரே மூடியதன் காரணம் என்ன? 1952ஆம் ஆண்டில், கிழக்கு ஆபிரிக்காவின் நைரோபியில் வாழ்ந்த இந்தியப் பெண்கள் ஐவரின் வாயில் இதே நிலையைக் கண்ட சுவார்ட்ஸ் என்ற மருத்துவர் அதற்குக் காரணம் புலப்படவில்லை என்ற பொருளிலேயே பெயரிட்டார். மறு ஆண்டில் பம்பாயில் ஜோஷி என்பவர், சீதமென்சவ்வுக்குக் கீழே நாரிழையம் பெருகுவதே நோய் எனக் கண்டு விவரித்தார். கடல் கடந்து பிழைக்கப் போன இந்தியரின் வாயிலிருந்தே இந்நோய் மருத்துவ ஏட்டுக்குள் நுழைந்தது என்பது கவனிக்கத்தக்கது.

பாக்குச் சாறு கன்னத்தின் உட்தோலில் ஊறும்போது அரிக்கோலின், நாரை உண்டாக்கும் கலங்களைத் தூண்டுகிறது. அக்கலங்கள் கொலாஜன் என்னும் நார்ப்புரதத்தை மிகையாக நூற்கின்றன. பாக்கிலுள்ள செம்பு, அந்த நார்களை ஒன்றோடொன்று பிணைக்கும் நொதியத்தை ஊக்குகிறது. தோல் பதனிடுவோர் பட்டைச் சாற்றால் தோலை இறுகச் செய்வதில்லையா? அதே இனத்தைச் சேர்ந்த டனின் பாக்கிலும் உண்டு. அது நாரை எளிதில் சிதையாதபடி இறுக்குகிறது. மெல்லமெல்ல, நெகிழ்ந்து கொடுத்த கன்னம் பலகையாகிறது. எர்ணாகுளத்தில் 17 ஆண்டுகள் தொடர்ந்து கண்காணிக்கப்பட்ட இத்தகைய நோயாளர் 66 பேரில் 5 பேருக்குப் புற்று வந்ததென 1985இல் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டில் அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம், புகையிலை சேர்ந்த வெற்றிலை புற்றை விளைவிப்பது என்று தீர்ப்பளித்தது. புகையிலை சேராத வெற்றிலையும், தனிப் பாக்குமே குற்றவாளிகள் என்று தீர்ப்பு வெளியாக 2004ஆம் ஆண்டு ஆயிற்று. "நான் புகையிலை போடுவதில்லை, பாக்கு மட்டுந்தான்" என்று ஆறுதல்படுவோர் இதைக் குறித்துக்கொள்க.

நார் பெருகுவது ஒன்று. புற்று வளர்வது வேறொன்று. முன்னது எவ்வாறு பின்னதற்கு நிலம் பண்படுத்துகிறது என்பதை அறிய நாம் குருதிக்கலன்களின் கதைக்குப் போக வேண்டும்.

1960களின் தொடக்கத்தில், அமெரிக்கக் கடற்படை ஆய்வுகூடமொன்றில் பணியாற்றிய ஜூடா ஃபோக்மன் என்ற இளம் அறுவை மருத்துவர், உடலிலிருந்து எடுத்துக் குழாய்வழி ஊட்டமளித்து உயிருடன் வைத்திருந்த உறுப்பில் புற்றுக்கலங்களை இட்டுப் பார்த்தார். அவை சிறு மணியளவு வளர்ந்து நின்றுவிட்டன. அவற்றையே எலியின் உடலுக்குள் இட்டபோது கட்டுக்கடங்காது பெருகின. வேறுபாடு யாது? உயிருள்ள உடலில் அவற்றை நோக்கிப் புதிய குருதிக்கலன்கள் வளர்ந்தன. தனித்த உறுப்பில் வளரவில்லை. புற்று ஒன்றிரண்டு மில்லிமீற்றருக்கு மேல் வளர வேண்டுமானால் அதற்குக் குருதி வேண்டும். அக்குருதியைக் கொணரும் குழாய்களைப் புற்றே அழைத்துக்கொள்கிறது. அவ்வழைப்பைத் தடுத்தால் புற்றைப் பட்டினி போடலாம் என்று 1971ஆம் ஆண்டில், பொஸ்டன் நகரிலிருந்து அவர் எழுதினார். அறிஞருலகம் நெடுங்காலம் அதை ஐயத்துடனேயே நோக்கியது.

அழைப்பு எது? 1983இல் செங்கர், டுவோராக் முதலியோர், குருதிக்கலனைக் கசியச் செய்யும் ஒரு புரதத்தைப் புற்றுக்கலங்கள் சுரப்பதைக் கண்டனர். 1989இல் ஃபெராரா என்பவர், குருதிக்கலனின் உட்சுவரான அகவணிக் கலங்களை வளரத் தூண்டும் ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்தார். இரண்டும் ஒன்றே எனப் பின்னர் தெளிவாயிற்று. இதனைக் குருதிக்கலன் வளர்ச்சிக் காரணி என்று சொல்லலாம். கேட்போரில்லாத அழைப்பால் பயனில்லை. விடியலில் தப்பு முழங்கும் ஓசை பாறைக்கும் மரத்துக்கும் மேலாகப் போய்விடுகிறது. காதுள்ளவர்களே எழுந்து பிரட்டுக்குப் போகிறார்கள். அகவணிக் கலத்தின் காது அதன் மேற்பரப்பிலுள்ள ஒரு புரதம். விஞ்ஞான ஆசிரியர்கள் அதனை வாங்கி என்பர். இக்காரணிக்குரிய வாங்கிகள் சில உள. அவற்றுள் இரண்டாவதெனப் பெயர் பெற்றதே குருதிக்கலன் வளர்ச்சியில் முதன்மையானது. 1990களின் தொடக்க ஆண்டுகளில் அது இனங்காணப்பட்டது.

அது கலமென்சவ்வை ஊடுருவி, பாதி வெளியிலும் பாதி உள்ளேயுமாக நிற்கிறது. காரணி வந்து வெளிப்பாதியில் பொருந்தியவுடன் அருகருகே நிற்கும் இரு வாங்கிகள் இணைகின்றன. உள்ளேயுள்ள அவற்றின் பாதிகள் ஒன்றுக்கொன்று பொசுபேற்றுக் கூட்டங்களை ஏற்றி விழித்துக்கொள்கின்றன. செய்தி கருவை எட்டுகிறது. அதுவரை உறக்கத்திலிருந்த அகவணிக் கலம் பிரிகிறது. சுற்றியுள்ள இழையத்தைக் கரைத்துக்கொண்டு, அழைப்பு வந்த திசையை நோக்கி நகர்கிறது. பின்தொடரும் கலங்களுடன் சேர்ந்து குழாயாகிறது. கருப்பையில் சிசு உருவாவதும், வெட்டுக்காயம் ஆறுவதும் இவ்வாங்கியின் உதவியாலேயே. 1995ஆம் ஆண்டில், இதற்குரிய பரம்பரையலகை நீக்கிய எலிகளின் கருக்கள் குருதிக்கலன் உருவாகாமலே மாண்டன. வாழ்வுக்கு இன்றியமையாத அந்தக் காதையே புற்று தன் அழைப்பால் ஏமாற்றுகிறது. ஏமாற்றப்பட்டு அமையும் குழாய்களும் ஒழுங்கானவையல்ல. கோணியும் கசிந்தும் கிடப்பவை.

இப்பொழுது பாக்கு ஊறிய கன்னத்துக்குத் திரும்புவோம். நோய் முதிர முதிர நார்ப்பெருக்கம் மயிர்த்துளைக் குழாய்களை நெரிக்கிறது என்றும், மேலணிக்கு ஒட்சிசன் குறைகிறது என்றும் பல ஆய்வாளர் கருதுகின்றனர். தொடக்க நிலையில் குழாய்கள் பெருகியிருப்பதாகக் கண்டோரும் உளர். இது முற்றாக முடிந்த வழக்கன்று. ஒட்சிசன் குறைந்தால் கலம் என்ன செய்யும் என்பது மட்டும் ஐயமின்றி அறியப்பட்டுள்ளது. ஒட்சிசன் போதுமான அளவில் இருக்கும்போது கலத்துக்குள் உண்டாகி உடனுக்குடன் அழிக்கப்படும் ஒரு புரதம், ஒட்சிசன் குறைந்தவுடன் அழியாமல் திரண்டு, கருவுக்குள் நுழைந்து, குருதிக்கலன் வளர்ச்சிக் காரணி உள்ளிட்ட பலவற்றின் பரம்பரையலகுகளை எழுப்பிவிடுகிறது. மூச்சுத் திணறும் கலம் தப்பை எடுத்து அடிக்கிறது எனலாம். இப்பொறிமுறையைக் கண்டறிந்த செமென்சா, ராட்கிளிஃப், கேலின் ஆகிய மூவருக்கும் 2019ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

அதற்குப் பதினோராண்டுகள் முன்னரே, 2008ஆம் ஆண்டில், பேராதனைப் பல்கலைக்கழகப் பல்மருத்துவ பீடத்தின் திலகரத்னவும் அவருடன் ஆய்ந்தோரும், அதே புரதத்தை நார்ப்பெருக்க நோயாளரின் வாயிழையத்தில் தேடினர். நார்ப்பெருக்கத்தில் அது மிகுந்திருப்பதையும், நோய் புற்றாக மாறுவதில் அதற்குப் பங்கு இருக்கக்கூடும் என்பதையும் காட்டினர். சுவீடன் நாட்டு அரங்கில் பரிசு பெற்ற உண்மையை நம் மலையடிவாரத்தில் ஒரு துண்டுக் கன்னச் சதையில் வைத்துப் பார்த்தவர்கள் இவர்கள். நம் பாடசாலைகளில் இச்செய்தி தெரிந்தோர் எத்தனை பேர்?

வாங்கியை அறிந்தபின் அதை அடைக்கும் முயற்சி பிறந்தது. 1993இல் ஃபெராரா குழுவினர், காரணியைப் பிடித்துக்கொள்ளும் பிறபொருளெதிரியால் எலிகளில் புற்று வளர்ச்சியை ஒடுக்கினர். அவ்வழியே வந்த பெவாசிசுமாப் என்னும் மருந்து 2004இல் அமெரிக்காவில் பெருங்குடற் புற்றுக்கு அனுமதி பெற்றது. 2008இல் மார்புப் புற்றுக்குக் கொடுக்கப்பட்ட அனுமதி 2011இல் மீளப்பெறப்பட்டது. தலை, கழுத்துப் பகுதிப் புற்று மீண்டும் வந்தோருக்கு ஏனைய மருந்துகளுடன் இதனையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வொன்றின் முடிவு 2019இல் வெளியாயிற்று. ஆயுள் குறிப்பிடத்தக்க அளவில் நீளவில்லை. குருதிப்பெருக்கு முதலிய தொல்லைகள் கூடின. குழாயை அடைத்தால் புற்று பட்டினியால் மாயும் என்ற எண்ணம் அத்தனை எளிதாக நிறைவேறவில்லை. பட்டினி கிடந்த கலம் வேறு காரணிகளால், வேறு வாங்கிகளைத் தட்டுகிறது. புற்றுக்கலத்தின் மேற்பரப்பிலேயே உள்ள வேறொரு வாங்கி, மேலணி வளர்ச்சிக் காரணிக்குரியது, வாய்ப்புற்றில் மிகையாகக் காணப்படுவது. அதை அடைக்கும் செற்றுக்சிமாப் 2006இல் தலை, கழுத்துப் புற்றுக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பயன் உண்டு. விலையோ தோட்டத் தொழிலாளியின் கற்பனைக்கும் எட்டாதது.

இந்த இடத்தில் வரலாறு எதிர்பாராத பக்கம் திரும்புகிறது. மருந்தைப் பெருமளவில் இடைவிட்டுக் கொடுப்பதற்குப் பதிலாகச் சிற்றளவில் இடைவிடாது கொடுத்தால், புதுக் குழாய் கட்டும் அகவணிக் கலங்கள் அடிபடும் என்று 2000ஆம் ஆண்டில் ஃபோக்மனின் ஆய்வுகூடம் விலங்குகளில் காட்டியிருந்தது. மும்பாய் டாட்டா நினைவு மருத்துவமனையின் மருத்துவர்கள் இதைக் கையிலெடுத்தனர். வெற்றிலையும் குட்காவும் மென்று வாய்ப்புற்றோடு வரும் ஏழைகள் அம்மருத்துவமனையின் தாழ்வாரங்களில் நிறைந்திருப்பவர்கள். மெதொட்ரெக்செற், செலிக்கொக்சிப் என்ற இரு பழைய, மலிவான மாத்திரைகளை வாய்வழி சிற்றளவில் கொடுத்து, நரம்பில் ஏற்றும் வழக்கமான சிஸ்பிளாட்டினுடன் ஒப்பிட்டனர். முடிவு 2020இல் வெளியாயிற்று: மாத்திரை பெற்றோரின் இடைநிலை ஆயுள் 7.5 மாதம், ஊசி பெற்றோரது 6.1 மாதம். பின்னர் இம்மாத்திரைகளுடன், மேலணி வாங்கியை அடைக்கும் எர்லொட்டினிப் மாத்திரையையும் சேர்த்து, நிவொலுமாப் என்ற விலையுயர்ந்த மருந்தை வழக்கமான அளவில் பத்திலொரு பங்குக்கும் குறைவாகக் கூட்டிப் பார்த்தனர். ஓராண்டு உயிர்வாழ்ந்தோர் 16.3 சதவீதத்திலிருந்து 43.4 சதவீதமாக உயர்ந்தனர் என்று 2023இல் அறிவித்தனர். பெருங்கம்பெனிகள் கேட்கத் துணியாத கேள்வி இது: குறைந்த அளவே போதுமானால்? வறுமை சில வேளைகளில் நல்ல ஆராய்ச்சியாளன்.

ஆயினும் இவையெல்லாம் முற்றிய நோய்க்கு மாதங்களைத் தேடும் முயற்சிகள். வாய்ப்புற்று வெளிச்சத்தில் தெரியும் நோய். வயிற்றுக்குள் ஒளிந்து வளர்வதன்று. 1984ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனத்தின் இதழில் சமன் வர்ணகுலசூரியவும் குழுவினரும் வெளியிட்ட இலங்கை ஆய்வு ஒன்று உண்டு. ஆரம்பச் சுகாதார ஊழியர் 34 பேருக்குப் பயிற்சி கொடுத்து, ஓராண்டில் 28,000க்கு மேற்பட்ட கிராமத்தவரின் வாயைப் பார்க்கச் செய்தனர். ஐயத்துக்குரிய வாய்களை அவர்கள் நன்றாகவே இனங்கண்டனர். ஆனால் மேற்பரிசோதனைக்கு அனுப்பப்பட்டோரில் ஏறத்தாழப் பாதிப் பேரே போய்ச் சேர்ந்தனர். கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996இல் தொடங்கிய பெரிய ஆய்வு, கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கும் இதே எளிய முறை, புகையிலையோ மதுவோ பழகியோரிடையே வாய்ப்புற்று மரணத்தை 34 சதவீதம் குறைத்ததாக 2005இல் காட்டியது. கருவி என்ன? ஒரு கைவிளக்கும், பயிற்றப்பட்ட இரு கண்களும்.

மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடையே வாய்ப்புற்றும் அதன் முன்னிலைகளும் எந்த அளவில் உள்ளன என்பதைப் பேராதனையாளர் ஆராய்ந்து 2007இல் வெளியிட்டனர். நோயே கணக்கில் சேராதிருந்த நிலைக்கு அது ஓர் உடைப்பு. 2016ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் புகையிலை கலந்த மெல்லும் கலவைகளைத் தடைசெய்தன. பாக்கு அத்தடைக்குள் அடங்கவில்லை.

சென்ற ஆண்டு என் பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு இவ்வரலாற்றைச் சொன்னேன். தமிழாசிரியனுக்கு இது எதற்கு என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். விஞ்ஞான ஆசிரியையோ தாமும் வந்து வகுப்பில் அமர்ந்தார். வாயை அகலத் திறந்தால் நடுவிரல் மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக முன்பற்களுக்கிடையே நுழைய வேண்டும் என்று அவர் செய்து காட்டினார். வீட்டில் உள்ளவர்களிடம் பார்த்துவரச் சொன்னோம். மறுநாள் ஒரு மாணவி பாடம் முடியும்வரை இருந்து, தன் தாயாருக்கு இரு விரலே நுழைகிறது என்றாள்.

பேராதனைக்குப் போய்வர அந்தத் தாயாருக்கு ஒரு முழுப்பேர் போயிற்று. கன்னத்திலிருந்து சிறு துண்டு எடுத்து, இரு கிழமைகள் கழித்து மறுபடி வரச் சொன்னார்கள். இரண்டாவது பேரையும் இழக்க அவர் தயங்கினார். 1984இல் போய்ச் சேராத அந்தப் பாதிப் பேர் யார் என்பது எனக்கு அன்று விளங்கிற்று. அவருடைய நிரையில் பறிக்கும் பெண்கள் ஆளுக்குக் கொஞ்சமாகச் சேர்த்து அந்த நாட்கூலியைக் கையில் கொடுத்த பிறகே போனார். நார்ப்பெருக்கம் உண்டு, புற்று இல்லை, பாக்கை நிறுத்த வேண்டும், ஆறு மாதத்துக்கொருமுறை வர வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். சுருக்குப்பையை மகள் எடுத்து அலமாரியின்மேல் வைத்துவிட்டாள். அம்மா அதை மூன்றுமுறை தேடினார் என்று வகுப்பில் சிரித்துக்கொண்டே சொன்னாள். நான்காம் முறை தேடியபோது ஒரு பிடி வறுத்த கடலையைக் கொடுத்தாளாம்.